குழித் தண்ணீர்

லிஃப்ட் கூண்டுக்குக் கீழே ஒரு குழி இருக்கும்.
ஏறுகிறவர்களுக்கு அது தெரிய வேண்டியதில்லை.
எனக்குத் தெரியும். முப்பத்தொரு வருஷமாய்
புவெனஸ் அயர்ஸின் இந்த ஒரே தெருவில்
பதினேழு குழிகளுக்குள் இறங்கி ஏறுகிறேன்.
தென்கிழக்குக் காற்று அடிக்கிற நாளில்
ஆறு ஊர்ப்பக்கம் முதுகைத் தள்ளும்.
அன்றைக்குப் பதினேழிலும் தண்ணீர்.
இரட்டைப்படை வரிசையில் முழங்கால்,
ஒற்றைப்படையில் கணுக்கால்.
கசிவு என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார் எஞ்சினியர்.
கசிவு இல்லை. ஓடை.

ஒரு வழக்குக்குச் சாட்சி சொல்லப் போய்
பத்திர அலுவலகத்தில் நாள் முழுக்கக் காத்திருந்தபோது
பழைய வரைபடத்தில் பார்த்தேன்:
சலவைக்காரிகள் பள்ளம்.
கிழக்கே ஆறு, மேற்கே முள்வேலி,
வடக்கே யாரும் கேட்காத நிலம்.
கிரயம் இரண்டு குதிரை, ஒரு சேணம்.
சேணம் பழையது என்று ஓரத்தில் குறிப்பு.

அங்கே பாறையில் துணி அடித்தவர்களில்
ஒருத்தியின் பெயர் மட்டும் காகிதத்தில் மாட்டிக்கொண்டது.
தொமாசா. விடுதலைச் சீட்டு வாங்கிய கறுப்புப் பெண்.
பன்னிரண்டு மேஜைவிரிப்பைத் தொலைத்தாள் என்று புகார்.
தொலைத்தாளா, ஆறு கொண்டுபோனதா,
அதற்கு அடுத்த பக்கம் கிழிந்திருந்தது.

பிறகு தெற்கே மஞ்சள் காய்ச்சல்.
சவப்பெட்டி செய்யத் தச்சன் கிடைக்காத கோடையில்
பணக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வடக்கே வந்தார்கள்.
மேட்டு நிலம், நல்ல காற்று என்று சொல்லிக்கொண்டே
பள்ளத்தைத் தூர்த்தார்கள்.
ஓடைக்குச் செங்கல் வளைவு கட்டி மூடி
மேலே ஒரு கர்னலின் பெயரை வைத்தார்கள்.
அவர் எந்தப் போரில் என்ன செய்தார் என்று
இன்றுவரை தெருவில் யாரும் கேட்டதில்லை.

இருபத்திரண்டாம் எண், எசுகுர்ரா குடும்பம்.
கதவுக் குமிழ் முதற்கொண்டு பிரான்சிலிருந்து கப்பலில் இறக்கினார்கள்.
பனி வழுக்கி விழுவதற்கென்று சரிந்த கூரை.
என் ஆயுசில் இங்கே பனி பெய்தது ஒரே தடவை.
எல்லாம் மாடு விற்ற காசு.
சாப்பாட்டு மேஜையில் மாட்டைப் பற்றி மட்டும்
பேசக் கூடாதாம்.

பேரன் சீட்டாட்டத்தில் பாதி,
வாரிசு வழக்கில் மீதி.
ஒரு தூதரகம் வந்தது, போனது.
இடித்துப் பதினோரு மாடி எழுப்பினார்கள்.
அப்போதுதான் லிஃப்ட் வந்தது, பின்னால் என் சோறும்.

எழுபத்தேழில் நான் இல்லை.
எனக்கு முன்பிருந்த க்ரொந்தோனா
ஒரே ஒருமுறை சொன்னார், அதுவும் குழிக்குள் நின்று:
ராத்திரி மூன்று மணி. நம்பர் பிளேட் இல்லாத கார்.
லிஃப்டை எட்டாவது மாடியில் பிடித்து வை என்றார்கள்.
பிடித்து வைத்தார்.
இறங்கும்போது ஓர் ஆள் அதிகம்.
எடை தாங்குமா என்று கேட்டார்கள்.
தாங்கும் என்றார்.
அதற்கப்புறம் அவர் எந்தக் கட்டடத்திலும்
படியேறித்தான் போனார்.

இப்போது இங்கே ஒரு சதுர மீட்டர்
என் ஒரு வருஷச் சம்பளம்.
கூண்டுக்குள்ளும் சரியாக ஒரு சதுர மீட்டர்தான்.
அளந்து பார்த்துச் சிரித்திருக்கிறேன்.
எட்டாவது மாடியை வாங்கிய கம்பெனிக்கு முகம் இல்லை,
மியாமியில் ஒரு தபால் பெட்டி.
மாதம் ஒருமுறை வெறும் கூண்டை
மேலும் கீழும் ஓட்டிவிடுகிறேன், துருப்பிடிக்காமல் இருக்க.

போன செவ்வாய் மறுபடி அந்தக் காற்று.
இருபத்திரண்டில் பம்பைப் போட்டேன்.
கட்டடத்துக் குழாயில் அன்றைக்குத் தண்ணீர் நிறுத்தம்.
பராகுவேக்காரி நிமியா வாளியோடு வந்து
எட்டிப் பார்த்து, என்னை நகரச் சொல்லி
குழியில் இறங்கித்
துடைப்பத் துணியை அலசினாள்.
தெளிவாத்தான் இருக்கு என்றாள்.
பம்பை நிறுத்தினேன்,
அவள் பிழிந்து முடிக்கும் வரை.