நூல் தீர்ந்த இடம்

உவர்மலையில் வாடகை அறை. மின்விசிறி
கோப்பின் நாலாம் பக்கத்தையே திரும்பத் திரும்பப் புரட்டுகிறது.
செவ்வாய்க்கிழமைக்குள் நான் சொல்லியாக வேண்டும்:
இது வெளிப்படையா, இல்லையா.

முதல் துணி தீயைத் தாங்கும், வெட்டுக்கு விட்டுக்கொடுக்கும்.
இரண்டாவது வெட்டைத் தடுக்கும்,
பொறி பட்டால் மெழுகாய் உருகித் தோலில் ஒட்டும்.
இரண்டையும் மீற்றர் கணக்கில் கடையில் வாங்கலாம்.
கிண்ணியா ஜெஸ்மியா
ஒன்றின்மேல் ஒன்றாய் வைத்துத் தைத்திருக்கிறார்,
கொட்பேயில் கிரைண்டர் பிடிக்கிறவர்களுக்கு ஓர் ஏப்ரன்.

‘சோற்றில் கறி ஊற்றியதற்கும் காப்புரிமை கேட்பீர்களோ’
என்று எழுதுகிறது எதிர்த்தரப்பு.
நல்ல வசனம். நானே இரண்டு முறை சிரித்தேன்.

சட்டத்துக்குள் ஒருவன் வசிக்கிறான்.
துறையின் நூல்கள் எல்லாம் படித்தவன், ஒன்றையும் மறவாதவன்,
கைத்திறன் அளவானது, கனவு கிடையாது.
அவனுக்கு இது தோன்றியிருக்குமா என்பதே கேள்வி.

பின்னேரம் அவனைத் தேடிப் போனேன்.
டச்சுக்குடாவில் மான் ஒன்று
ஐஸ்கிரீம் கடதாசியைத் தின்றுகொண்டிருந்தது.
அதற்கு எல்லாமே வெளிப்படை.
கொட்பேயில் வெல்டர் பெனடிக்ற், முன்கையில்
பதினொரு வெள்ளைத் தழும்பு, எண்ணினேன்.
வர்த்தமானியில் வந்த வரைபடம்தானே என்று காட்டினேன்.
“இதென்ன பெரிய விசயம், ரெண்டையும் சேர்த்தாச் சரிதானே.”
“பதினேழு வருசமாய் ஏன் சேர்க்கவில்லை?”
அவர் கடலைப் பார்த்தார்.
காட்டியது என் பிழை.
விடையைச் சொல்லிவிட்டு நொடி போட்டால்
யார்தான் அவிழ்க்கமாட்டார்?

கிண்ணியாப் பாலத்தில் பஸ் ஊர்ந்தபோது ஒன்று எழுதினேன்:
இரு கரையும் எல்லோருக்கும் தெரிந்தவைதாம், ஆனாலும்...
உவமை அழகு. அடித்துவிட்டேன்.
தீர்ப்பில் பாலம் நிற்காது.

இரவு, இணைப்பு ஐந்து.
பழைய ஆய்வறிக்கை எச்சரிக்கிறது:
இவ்விரண்டையும் சேர்த்துத் தைக்க வேண்டாம்,
சூட்டில் ஒன்று சுருங்கும், மற்றது சுருங்காது, தையல் கிழியும்.
ஆக, படித்தவன் ஊசியைக் கீழே வைத்திருப்பான்.

ஜெஸ்மியாவின் ஏப்ரன் கிழியவில்லை.
அடிவிளிம்பு தைக்கப்படாமல் திறந்து கிடக்கிறது,
சுருங்குகிற துணி போய்வர வழி.
ஏன் அப்படி விட்டீர்கள்?
விசாரணைக் குறிப்பு, பக்கம் இருபத்திரண்டு:
“நூல் முடிஞ்சி போச்சி மிஸ். கடையும் பூட்டு.
விடிய எங்கட பொடியன் அப்படியே போட்டுக்கிட்டு
வேலைக்குப் போயிட்டான்.”

எதிர்த்தரப்பு இதைச் சிவப்பில் கோடிட்டு
ஓரத்தில் ஒரே சொல் எழுதியிருக்கிறது: தற்செயல்.
இருக்கட்டும்.
தவமா தவறா என்று சட்டம் கேட்பதில்லை.
அது கேட்பது அந்த அளவான கைக்காரனைப் பற்றி.
அவன் அடிவிளிம்புவரை ஒழுங்காய்த் தைத்திருப்பான்.
அவனிடம் நூல் தீர்வதேயில்லை.

மின்சாரம் போனது. விசிறி நின்றது.
கைபேசி வெளிச்சத்தில் முதல் வரியைத் தொடங்கினேன்,
‘வெளிப்படை’க்குப் பக்கத்தில்
ஒரு சொல்லுக்கு மட்டும்
இடம் விட்டு.