முடியாதவங்க

ஆறு நாற்பது ஏற்காடு வண்டி.
கண்டக்டர் சித்தையன் குரல் கொடுக்கிறார்:
"முடியாதவங்க வர்றாங்க, எந்திரி தம்பி."
உட்கார்ந்து காலிப்பரின் பூட்டை விடுவிக்கிறேன்.
டக்.
அந்தச் சத்தத்துக்கு நாலு தலையாவது திரும்பும்.
இன்றைக்கு மூன்று.

ஜன்னலுக்கு மேலே
பழைய எழுத்தின் மீது மஞ்சள் பூசி
மாற்றுத்திறனாளிகள் என்று எழுதியிருக்கிறார்கள்.
வெயில் சாய்வாக விழுந்தால்
அடியில் ஊனமுற்றோர் தெரியும்.
சான்றிதழில் நான் ஐம்பத்தைந்து சதவீதம்.
அஸ்தம்பட்டி மளிகைக் கடையில்
"அந்தக் கால் பொண்ணு."
பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டதை எழுத மாட்டேன்.
அதே பெயரில் ஒரு விளையாட்டும் இருந்தது,
அதில் மட்டும் என்னைச் சேர்க்கவில்லை.

சித்தையன் சொல்லில் கரிசனம் உண்டு.
ஐந்து வருஷமாக
டிக்கெட்டோடு சேர்த்துக் கிழித்துக் கொடுக்கிறார்.
மேலே ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற வேலை எனக்கு.
நரம்பே தெரியாத எஸ்டேட் கைகளிலும்
முதல் குத்திலேயே எடுப்பேன்.
அவருக்கும் ஒரு தரம், சர்க்கரைக்கு.
முகத்தைத் திருப்பிக்கொண்டார்:
"பாக்க முடியாதுங்க."

அடிவாரம் தாண்டி முதல் கொண்டை ஊசி.
பக்கத்து சீட்டுச் சிறுமி, நிவிஷாவாம்,
"உங்களுக்கு என்ன முடியாது?" என்றாள்.
அம்மாக்காரி தொடையில் கிள்ளினாள்.

ஒருவரும் கேட்டதில்லை இதுவரை.
மூன்றாம் வளைவு வரை யோசிக்க வேண்டியிருந்தது.
"ஓட முடியாது.
சம்மணம் போட முடியாது.
கிளம்பின பஸ்ஸைப் பிடிக்க முடியாது.
அப்புறம், விசிலடிக்க."
"எனக்கும் விசில் வராது," என்றாள்.
"வாந்திதான் வரும்."

வராது.
கொஞ்ச நேரம் அதை வாயில் ஒதுக்கி வைத்திருந்தேன்
மிட்டாய் மாதிரி.
இன்றைக்கு வராதது நாளைக்கு வரலாம்.
முடியாது கதவைச் சாத்திக்கொண்டு பேசும்.
ஆனால் ஓட்டம் எனக்கு வரப்போவதில்லை.
அதையும் ஏதோ ஒரு சொல்
சொல்லத்தானே வேண்டும்.

பதினோராவது வளைவில் அவளுக்கு வந்தது.
சித்தையன் பாலிதீன் பையை நீட்ட
நெற்றியை ஏந்திப் பிடித்தேன்.
அம்மாக்காரி முன்சீட்டுக் கம்பியில்
தலை கவிழ்ந்திருந்தாள்,
தானும் முடியாமல்.

ஒண்டிக்கடை.
எழுந்து பூட்டைப் போடுகிறேன். டக்.
டிரைவர் கியரைத் தட்டுகிறார்.
சித்தையன் வாயைத் திறந்து
என்னைப் பார்த்து
ஒரு விநாடி எதையோ தேடி
"எறங்குறவங்க இருக்காங்க, பொறு" என்றார்.

மூன்று பேர் இறங்கினோம்.
நல்ல குளிர்.