ஏழின் இடுப்பில் ஒரு கோடு

சங்கரன்கோவில், தேரடிக்குப் பின்தெரு.
கோமதிநாயகம் சில்க்ஸ்.
கீழே ஜவுளி, மேலே நகைக்கடன்,
அதற்கும் மேலே பல் ஆஸ்பத்திரி, நீட் பயிற்சி.
மொட்டைமாடியில் தகரம் போட்டு
ஒரு மண்டபம் எழுப்பக் கடன் கேட்கிறார் அண்ணாச்சி.
வங்கி என்னை அனுப்பியிருக்கிறது.

தெருவிலிருந்து பார்த்தால் ஒரே கட்டடம்,
நீல அலுமினியப் பலகை போர்த்தியது.
உள்ளே மூன்று கட்டடங்கள்
ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன.
பின்கட்டு சுண்ணாம்புக் காரை;
தேக்கு உத்தரத்தின் மேல்
செங்கல்லைச் சாய்த்து நிறுத்திய மட்டப்பா.
அங்கே சுவர்தான் எல்லாவற்றையும் சுமக்கிறது.
நடுக்கட்டில் இரும்பு உத்தரம், இடையிடையே செங்கல் வில்.
முன்கட்டு கான்கிரீட் தூண்கள்;
சுவர் வெறும் திரை, இடித்தாலும் கேட்காது.
எது எதைத் தாங்குகிறது என்று
கட்டினவர்களுக்கே மறந்துபோன இடம்
படிக்கட்டு திரும்பும் அந்த மூலை.

சுத்தியலால் தட்டிக்கொண்டே ஏறுகிறேன்.
தேங்காய் பார்க்கிறாள் என்று
நீட் பையன்கள் சிரிக்கிறார்கள்.
சரிதான். முற்றலுக்கு ஒரு சத்தம்,
உள்ளே கம்பி துருவேறி
மேல்தோல் கழன்ற தூணுக்கு வேறொரு சத்தம்.
பல் டாக்டரின் வாஷ்பேசினுக்கு நேர் கீழே
கூரையில் உப்புப் பூத்திருக்கிறது,
யாரோ அதன் மேல்
குற்றாலம் அருவி காலண்டர் மாட்டியிருக்கிறார்கள்.

ஆனால் நான் வந்தது பின்சுவருக்காக.

இங்கே மண் கரிசல்.
ஐப்பசியில் குடித்து உப்பும்,
சித்திரையில் வாய் பிளக்கும்.
வருஷத்துக்கு ஒரு தரம்
கட்டடத்தை விரலளவு தூக்கி இறக்கி வைக்கும்.
தை பிறந்து நான் வந்தபோது
கல்லாவுக்குப் பின்னால் ஒரு வெடிப்பு,
ஜன்னல் மூலையிலிருந்து
செங்கல் செங்கலாகப் படியிறங்கியிருந்தது.
குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டி
17-1 என்று எழுதிவிட்டுப் போனேன்.
சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும்.
அதற்கு வேறு பேச்சுத் தெரியாது.

இன்று ஆனி இருபத்தொன்று.
கண்ணாடி முழுசாக இருக்கிறது. தேதியும் இருக்கிறது.
"பாத்தியளா, ஒரு இமி அசையலியே" என்கிறார்.
காபி வருகிறது.

நான் எழுதும் ஏழுக்கு
இடுப்பில் ஒரு சின்னக் கோடு உண்டு.
ஒன்றும் ஏழும் குழம்பக் கூடாதென்று
பாளையங்கோட்டையில் சிஸ்டர் ரோஸ்லின்
ஸ்கேலால் அடித்துப் போட வைத்த கோடு.
இந்த ஏழுக்கு இடுப்பு வெறுமனே இருக்கிறது.

ஒன்றும் சொல்லாமல் குனிகிறேன்.
மொசைக் தரையில் வெளுத்த நாலு சதுரம்,
கல்லா மேஜையின் கால்கள் நின்ற தடம்.
மேஜை இப்போது ஒன்பதடி தள்ளி,
வாசலையொட்டி, கான்கிரீட் தூணருகே.
நாணயம் நுழையும் வெடிப்பை
அவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மேஜை இருந்த இடத்தில் ஒரு சிவப்பு ஸ்டூல்.
முப்புடாதி உட்கார்ந்து
ஆடித்தபசுக்கு வந்த சேலைகளில்
விலைச்சீட்டு குத்திக்கொண்டிருக்கிறாள்.
தலைக்கும் சுவருக்கும் ஒரு சாண்.

"இந்தக் கண்ணாடி..." என்று நான் தொடங்குமுன்
அவள் முகம் சுருங்குகிறது.
"நான் ஒடைக்கலக்கா.
மத்தியானம் யாரும் தொடாம
டிக்குனு ஒரு சத்தம், ரெண்டா விழுந்துட்டு.
பெருக்குனதுல போட்டேன்னு
அம்பது ரூவா புடிச்சிட்டாவ."

பழுதுகள் என்ற கட்டத்தில் எழுதுகிறேன்:
பின்சுவர் நகர்கிறது. மேலே எடை ஏற்றலாகாது.
அடுத்த வரிக்கு படிவத்தில் இடமில்லை,
ஓரத்தில் எழுதுகிறேன்:
கண்ணாடியை உடைத்தது மண்.
ஐம்பது ரூபாய் திருப்பித் தரப்பட வேண்டும்.
வங்கி அதைப் படிக்காது. அண்ணாச்சி படிப்பார்.

காபி ஆடை கட்டிவிட்டது.
புதுக் கண்ணாடி ஒட்டுகிறேன். 5-7.
இந்த முறை கோட்டை அழுத்தியே போடுகிறேன்.

பிறகு முப்புடாதியிடம்,
"ஸ்டூலைத் தூக்கு."
"எங்கக்கா போட?"
"கல்லா எங்க இருக்கோ அங்க."