பென்சில் தேதிகள்

முதலில் பார்த்தது குவால்டரை.
ஓர்த்தா துறைமுகத்தை ஒட்டிக் கண்ணாடி அலுவலகம்.
நாங்கள் உட்காருவதற்குள்
திரையில் எங்கள் வீடு கட்டி முடிந்திருந்தது.
விரலால் அதைச் சுழற்றிக் காட்டினார்.
கூடத்தில் முகமில்லாத ஒருத்தி நடந்து வந்து
என் நாற்காலியில் அமர்ந்தாள்.
'பதினொரு மாதம்' என்றார்.
மழைக்கு எத்தனை நாள் கழித்தீர்கள் என்றேன்.
மழையே காணாத ஊர்க்காரர் போலச் சிரித்தார்.
அவர் முதுகுக்குப் பின்னால், கண்ணாடியில்,
மழை வழிந்துகொண்டிருந்தது.

இரண்டாமவர் பெயரைச் சொல்ல மாட்டேன்.
அவருடைய மைத்துனரிடம்தான் இப்போது பால் வாங்குகிறோம்.
மற்றவர்களைவிட நாற்பதாயிரம் யூரோ குறைவு.
வன்னஸ் அந்தத் தாளைத்
தலையணைக்கடியில் வைத்துத் தூங்கினான்.
நான் அகராதியும் கையுமாக வரிவரியாகப் படித்தேன்.
கதவுகள் இருந்தன, கைப்பிடிகள் இல்லை.
கழிப்பறை இருந்தது,
அங்கிருந்து எதுவும் வெளியேற வழியில்லை.
கூரைக்கு நேரே
'பிறகு பேசிக்கொள்ளலாம்'.

இந்த ஃபயால் தீவில்
எங்கள் ஃப்ளெமிஷ் இனத்தின் பெயரிலேயே ஒரு கிராமம் உண்டு.
ஐந்நூறு வருஷத்துக்கு முன் கப்பலில் வந்தவர்களாம்.
அந்த உறவைச் சொல்லி
சிமெண்ட் கடையில் விலை குறைக்கப் பார்த்தான் வன்னஸ்.
கடைக்காரர் கணக்கு நோட்டிலிருந்து தலை தூக்காமல்,
'அவர்கள் பாக்கியே இன்னும் வரவில்லை' என்றார்.

எவரிஸ்டோ
ஐந்து வாரம் தொலைபேசியை எடுக்கவில்லை.
ஆறாவது வாரம், நல்ல காற்றடித்த நாளில்,
சொல்லாமல் வந்து மனையில் நின்றார்.
வரைபடத்தை நீட்டினேன். மடித்து அக்குளில் வைத்துக்கொண்டார்.
துணி எங்கே காயப்போடுவீர்கள் என்று கேட்டார்.
எனக்குப் பதில் தெரியவில்லை.
கெண்ட் நகரத்தில், நாலாம் மாடியில்,
இயந்திரம்தானே காயவைத்தது.
போகும்போது ஒரு முகவரி கொடுத்தார்:
'ஓடீலியா. நான் கட்டிய வீடு. என்னைக் கூப்பிடாதீர்கள், நீங்களே போங்கள்.'

ஓடீலியா
டொராண்டோவில் முப்பது வருஷம்
பிறர் அலுவலகங்களைத் துடைத்த காசில் எழுப்பிய வீடு.
புகழவுமில்லை, திட்டவுமில்லை.
சமையலறை அலமாரியைத் தோளால் தள்ளி நகர்த்தினாள்.
'குறை என்றால் இதுதான்.'

ஜன்னல் மூலையிலிருந்து இறங்கியது
தலைமயிர் அளவு விரிசல்.
அதன் நுனியில் குட்டியாய் ஒரு பென்சில் கோடு,
பக்கத்தில் தேதி.
கொஞ்சம் கீழே இன்னொரு கோடு, இன்னொரு தேதி.
எல்லாம் மார்ச் மாதம்.
கூப்பிடாமலே வருவாராம்,
குனிந்து பார்த்துக் குறித்துவிட்டு
ஒரு காபி குடித்துப் போவாராம்.
கடைசி மூன்று தேதிகளும்
ஒரே கோட்டின் மேல் நெருக்கியடித்து நின்றன.
'மூன்று வருஷமாக நகரவில்லை' என்றாள்,
தொட்டிலில் தூங்கும் பிள்ளையைப் பற்றிச் சொல்பவள் போல
குரலைத் தாழ்த்தி.

காரில் வன்னஸ் வெடித்தான்.
விரிசலைக் காட்டியவனிடமா
வாழ்நாள் சேமிப்பைக் கொடுப்பாய்?
நான் பேசவில்லை.
வளைவில் பசுக்கூட்டம் சாலையை மறித்தது.
என்ஜினை அணைத்தான்.
இருபது பசுக்கள், ஒரு நாய்,
கைபேசியில் யாரையோ ஏசிக்கொண்டு ஒரு பையன்.
கடைசிப் பசு கடந்தும் அவன் சாவியைத் திருப்பவில்லை.
'ஆறு வருஷமா வருகிறான்?' என்றான்.
'ஏழு' என்றேன்.

கையெழுத்து நாளில்
நாங்களாக ஒரு ஷரத்து சேர்த்திருந்தோம்:
கட்டி முடித்த பின், ஆண்டுக்கொரு முறை
வந்து சுவர் பார்க்க, இவ்வளவு யூரோ.
எவரிஸ்டோ இரண்டு தடவை படித்தார்.
காதிடுக்கிலிருந்து தட்டைப் பென்சிலை எடுத்து
அந்த வரியை அடித்தார்.
வன்னஸ் பேனாவை நீட்டினான்.
'அது கையெழுத்துக்கு' என்றார்,
அடித்த இடத்தின் ஓரத்தில்
தேதியைக் குறித்தபடியே.