நாற்பத்தோராம் பக்கம்

நீத் நகரில் மழை பெய்வது செய்தி அல்ல.
எரிவாயுக் கட்டணத்தை இரண்டு முறை பிடித்துவிட்டார்கள்
என்பதுதான் செய்தி.
எய்ர்வென் பிராசர், வயது ஐம்பத்தெட்டு,
சர்க்கரை டப்பாமேல் கைப்பேசியைச் சாய்த்து வைத்துக் காத்திருக்கிறாள்.
வரிசையில் பதினாறாவது ஆள்.
காத்திருப்போருக்கு அதே பியானோ,
அதே இடத்தில் அதே கரகரப்பு.
அந்தக் கரகரப்பைப் பற்றி இரண்டு முறை எழுதிக் கொடுத்திருக்கிறாள்,
உள்ளே இருந்தபோது.

பத்தொன்பது வருடம் உள்ளே இருந்தாள்.
வேல்ஸ் கிளையை மூடுகிறோம் என்று சொன்ன அன்று
மேலாளர் கேக் வாங்கி வந்திருந்தார்.
யாருக்கோ பிறந்தநாள் என்று கைதட்டினார்கள்.
கடைசி ஆறு வாரம் அவளுக்குத் தனி வேலை:
தலைக்குள் இருப்பதை எல்லாம் எழுதிக் கொடு.
எழுதினாள், நூற்று நாற்பது பக்கம்.
கத்துகிறவரை எதுவரை கத்த விடுவது,
பொய் சொல்கிறவரிடம் எப்படி ஏமாந்தது போல் இருப்பது.
நாற்பத்தோராம் பக்கத்தில்,
கணவர் இறந்துவிட்டார், கணக்கில் பெயரை மாற்ற வேண்டும் என்பவருக்கு:
மூன்று நொடி எதுவும் பேசாதே.
பிறகு பேசு.

பிறகு வேலைவாய்ப்பு அலுவலகம்.
ஆலோசகன் நல்ல பையன், தும்மிக்கொண்டே இருந்தான்.
சுயவிவரத்தைக் கீழே வரை உருட்டிப் பார்த்துவிட்டு
முதல் இருபது வருடத்தை எடுத்துவிடலாமே என்றான்,
வயது தெரிகிறது.
ஒரே விரலால் எடுத்தான்.
தகரத் தகடு ஆலையின் சம்பளப் பிரிவு போயிற்று.
வெள்ளத்தின்போது இரண்டு இரவு
தொலைபேசி இணைப்பகத்தில் விழித்திருந்தது போயிற்று.
அடியில் கிடந்த வெள்ளை மெல்ல மேலே ஏறி வந்தது.
எய்ர்வென் முப்பத்தொன்பது வயதில் பிறந்தாள்.

நேர்முகத் தேர்வில் அது உதவவில்லை.
பெயரிலேயே முகம் இருக்கிறதே.

வணக்கம், நான் மரிவிக் பேசுகிறேன்.
சேபு நகரம், அங்கே இரவு பத்தேகால்.
வயதைக் குரலில் பிடிப்பது எய்ர்வெனுக்குப் பழக்கம்:
ஐம்பது தாண்டியவள்.
என் பணமாக இருந்தால் நானும் இப்படித்தான் கேட்பேன், மேடம்.
எய்ர்வென் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.
அவள் வாக்கியம். பதினேழாம் பக்கம்.
அந்த 'இப்படித்தான்' மீது விழும் அழுத்தம்கூட அவளுடையது.

என்ன பேய் பிடித்ததோ,
என் கணவர் இறந்துவிட்டார் என்றாள்.
தோட்டத்துக் கொட்டகையில் கரெத்
ஏதோ ஆணியைத் திட்டிக்கொண்டிருந்தான்.

ஒரு நொடிகூட இல்லை.
ஆழ்ந்த இரங்கல்கள் மேடம், உங்கள் பிறந்த தேதி?

மூன்று நொடி, என்றாள் எய்ர்வென்.
மூன்று நொடி இருக்க வேண்டும் அங்கே.
தெரியும் மேடம். இங்கே இரண்டாவது நொடியில்
திரை சிவப்பாகிவிடும்.
அதை எழுதியது நான்தான்.

இப்போது வந்தது மௌனம்.
ஒன்று. இரண்டு.
மூன்று, நான்கு,
மழைநீர்க் குழாய் ஒழுகுகிறது,
ஒன்பது வரை எண்ணினாள்,
அப்புறம் விட்டுவிட்டாள்.
உலகத்தின் அந்தப் பக்கம் ஒரு திரை
செக்கச்செவேல் என்று எரிந்துகொண்டிருக்க வேண்டும்.

மேடம்,
நூற்று நாற்பது பக்கம் எழுத எத்தனை நாள் கொடுத்தார்கள்?
ஆறு வாரம்.
எனக்கு மூன்றுதான்.

இந்த உரையாடல் தரத்துக்காகப் பதிவாகிறது
என்பது இருவருக்கும் தெரியும்.
தொண்ணூற்று மூன்று பவுண்டு
ஐந்து வேலை நாளில் திரும்பி வரும் என்றாள் மரிவிக்.
நன்றி என்றாள் எய்ர்வென்.
சேவைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று
ஓர் இயந்திரக் குரல் கேட்டது, கரகரப்பே இல்லாமல்.
அவளுக்கு அது பிடிக்கவில்லை.
பத்தை அழுத்தினாள்.

கரெத் சேற்றுச் செருப்போடு உள்ளே வந்தான்.
யாரு போன்ல?
ஆபீஸ், என்றாள்,
என்றவள் கெட்டிலை வைக்க எழுந்தாள்,
அவனை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு.