வலது காது

சம்பூரிலிருந்து முதல் பஸ்.
கிண்ணியாப் பாலத்தில் மிதுஷாவுக்கு வாந்தி.
பத்து மணிக்கே திருகோணமலை ஸ்டேசன் வாசலில் நிற்கிறோம்,
கோச்சி இரவு ஏழுக்கு.
பிந்திய பஸ்ஸை நம்பாதே என்று சொன்ன மனுசன்
வீட்டில் படுத்திருக்கிறார்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர்
முதலில் சிங்களத்தில் சொன்னார்.
நான் விழித்ததைப் பார்த்து
கையைத் தும்பிக்கையாக்கி ஆட்டிக் காட்டினார்.
காலையில் வரவேண்டிய வண்டியே
கந்தளாய்க்கு அங்கால் நிற்கிறதாம்.

கையை அவள் பார்த்துவிட்டாள்.
"அம்மா, கோச்சியில ஆனை வருதா?"

அவளுக்கு இடது காதுதான் கேட்கும்.
வலது காதுக்காகத்தான்
பையில் ஒரு கோப்பு,
கொழும்பில் ஒரு டொக்டர்,
நாளைக்கு எட்டரைக்கு ஒரு நம்பர்.
நான் எப்போதும் அவளுக்கு இடப்பக்கம் நடப்பவள்,
வெயில் எந்தப் பக்கம் அடித்தாலும்.

நாலு வயதுக் காலால் அளந்தால்
இந்த நகரம் எவ்வளவு நீளம்!
ஒவ்வொரு கானுக்கும் மேலால் ஒருமுறை தாண்டவேணும்,
தாண்டினதைத் திரும்பவும் தாண்டவேணும்.

பஸ் ஸ்டாண்டில் மான்கள்
வாழைப்பழத் தோலுக்கு நிற்கின்றன.
ஒன்றின் கொம்பில் நீலச் சொப்பிங் பை,
கலியாணத்துக்கு வந்தது போல.
"இதுகளும் கொழும்புக்கா?"
"இல்ல. இதுகள் இங்கதான்."
"ஏன், டிக்கட் இல்லையா?"

டச்பே கடற்கரையில் ஒரு சங்கு எடுத்தாள்.
இடது காதில் வைத்தாள், சிரித்தாள்.
வலது காதில் வைத்தாள்.
உதறினாள். மண் கொட்டியது.
மறுபடி வைத்துப் பார்த்துவிட்டுப்
பழுது என்று எறிந்தாள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
கோணேசர் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்,
பார்ப்பதற்கு அது வசதியான பெரிசு.

பிறகு அவசரம்.
பிள்ளையின் அவசரத்துக்கு ஊரில் கதவு குறைவு.
மத்திய வீதித் துணிக்கடையில்
ஒரு தாத்தா, ரிஸ்மியா என்று யாரோ கூப்பிட்டார்கள்,
முகத்தைப் பார்த்ததும் பின்கதவைத் திறந்துவிட்டார்.
வெட்கத்தில் ஒரு லேஞ்சி வாங்கினேன்.
காசு வேண்டாம் என்றார்.
வைத்துவிட்டு வந்தேன்.

இரண்டு மணிக்கு இரண்டு பணிஸ்.
ஒன்றைத் தின்றாள்.
மற்றதில் சீனி இருந்த பக்கத்தை நக்கிவிட்டு,
"இது ஆனைக்கு" என்றாள்.

பின்னேரம் முழுக்க ஸ்டேசன் வாங்கில்
என் கை மரத்துப்போகும்வரை படுத்தாள்.
எழும்பினாள். தண்டவாளத்தை எட்டிப் பார்த்தாள்.
"இன்னும் ஏறேல்லயா?"
ஆனை ஏறப் படி உயரம் போதாதென்று
அவளே ஒரு காரணமும் கண்டுபிடித்தாள்.

ஏழு மணி ஒன்பதானது.
பிளேன் டீ குடித்துக்கொண்டு இரண்டு ரயில்வேக்காரர்.
பெரிய பெட்டையானையாம்.
குட்டி விடியும்வரை
தண்டவாளத்தை விட்டு அசையவில்லையாம்.

"என்ன சொல்லினம்?"
அவளுக்குக் குரல் கேட்டிருக்கிறது, சொல் கேட்கவில்லை.
குனிந்து
அவளின் வலது காதில் சொன்னேன்:
செத்துப்போச்சுதடி.
சூடாக ஒரு மூச்சு பட்டிருக்கும், அவ்வளவுதான்.
கூச்சத்தில் தோளைச் சுருக்கிக்கொண்டு
மற்றக் காதைத் திருப்பினாள்.

அந்தக் காதில்,
"ஆனை வீட்ட போயிட்டுதாம்" என்றேன்.
"பணிஸ்?"
"குடுப்பம்."

வண்டி பத்தரைக்கு வெளிக்கிட்டது.
இனி எட்டரைக்குப் போய்ச் சேருமா,
யாரும் சொல்லவில்லை.
கந்தளாய் தாண்டி எங்கேயோ மெதுவாக ஊர்ந்தது.
நீளமாக ஒரு ஹோர்ன்.
எதிர் சீற்றுக் கிழவன் திடுக்கிட்டு எழும்பி
யன்னலுக்கு வெளியே இருட்டைப் பார்த்தார்.
அவள் அசையவில்லை.
கேட்கிற காதை என் மடியில் அமத்தி வைத்து,
கேளாத காதை உலகத்துக்குக் காட்டிப் படுத்திருந்தாள்.

பணிஸில் எறும்பு.
எறிவோம் என்று யன்னல்வரை கொண்டுபோன கையை
இறக்கினேன்.
ஊதி ஊதி எறும்பைத் தட்டி
லேஞ்சியில் சுற்றி வைத்தேன்.
விடிந்ததும் கேட்பாள்.