எண் நிற்கும் வரை

வேலந்தாவளம் எடைமேடையில்
இரண்டு மொழியிலும் எழுதி ஒட்டியிருக்கிறோம்:
எஞ்சினை அணைக்கவும். டிரைவர் இறங்கவும்.
இரண்டு மொழியிலும் யாரும் படிப்பதில்லை.

எஞ்சின் ஓடினால் எண் நிற்காது.
12,480. 12,490. 12,470.
சிவப்பில் துடித்துக்கொண்டே இருக்கும்
என் முகத்துக்கு நேரே.
பதினாலு வருஷமாய் அதைப் பார்த்துத்தான் சம்பளம்.

கோயமுத்தூரில்
தொடையிடுக்கில் துளை போட்டு
நெஞ்சுவரை ஒரு வயரை ஏற்றி
உள்ளே பொட்டுப் பொட்டாகச் சுட்டார்கள்.
எதுக்குங்க சுடறது என்றதற்கு
டாக்டர் காகிதத்தில் வட்டம் போட்டார்:
தப்பு வழியில் வருகிற கரண்டுக்கு வேலி.
செக்போஸ்ட் போட்டால் மட்டும் வராமலா போகும்
என்றேன், எங்க ஊர்க்காரியாக.
அவர் சிரிக்கவில்லை.
முதல் மூணு மாசம் கணக்கில் சேராது என்றார்.
படபடக்கும், தப்பும், ஓடும்.
அதை வைத்துத் தோற்றது என்று சொல்லக் கூடாதாம்.

கணக்கில் சேராததை
எந்த நோட்டில் எழுதுவது?
பழைய ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதினேன்.

நாள் ஒன்பது. ஊதா முழங்கால்வரை இறங்கிவிட்டது,
ஓரத்தில் பச்சை.
"யாராச்சும் உதைச்சாங்களா அண்ணி?" என்றாள் கஸ்தூரி.
நாள் பதினாறு. மூச்சை ஆழ இழுத்தால் ஒரு முள்.
இழுக்கவில்லை.
நாள் இருபத்திரண்டு. இடது கண்ணோரம்
பல்சக்கரம் மாதிரி ஒரு வெளிச்சம்
இருபது நிமிஷம் சுற்றிவிட்டுப் போனது.
ஃபோன் போட்டேன். வரும், போகும் என்றாள் நர்ஸ் லிஜி.
வேற ஏதாச்சும் வந்தா உடனே கூப்பிடுங்க என்றாள்.
எது வேற என்று கேட்கத் தோன்றவில்லை.
நாள் முப்பது. எழுதவில்லை.
நன்றாக இருந்தேன் போல.

தப்புகிற துடிப்பு எப்படி இருக்கும் என்று
யாராவது கேட்டால் சொல்ல வைத்திருக்கிறேன்:
ஒன்று வராது.
அடுத்தது இரண்டுக்கும் சேர்த்து வரும்,
தகட்டின் மேல் பின்சக்கரம் ஏறுகிற மாதிரி,
தடக்கென்று.
யாரும் கேட்கவில்லை.
எல்லாரும் கேட்பது, "சரியாயிடுச்சுங்ளா?"
ஆயிடுச்சுங்க.

ராத்திரி இடப்பக்கம் படுத்தால்
தலையணைக்குள் கேட்கிறது.
வலப்பக்கம் படுத்தால்
கேட்கிறதா என்று கேட்கிறேன்.

ஒரு நாள் பூட்டும் முன் நானே மேடையேறினேன்.
வெளிப்பலகையில் 60.
பத்துக்குக் குறைந்தது எதுவும்
இந்த எந்திரத்துக்குத் தெரியாது.
சுட்டது, ஆறாதது, பயந்தது,
சாப்பிட்ட தோசை எல்லாம் சேர்த்து
60.

நாள் நாற்பத்தொன்று. தை மாசக் காற்று
கணவாய்க்குள்ளிருந்து தள்ளிக்கொண்டு வந்தது.
நெம்மாறை போகிற வைக்கோல் லாரி,
பாதி ரோடு அளவுக்குப் பிதுங்கி, மேடையேறியது.
அதே நேரத்தில் உள்ளேயும்
எவனோ எஞ்சினைப் போட்டுவிட்டான்.

கண்ணாடி ஜன்னல் வழியே
அணைங்க, எறங்குங்க என்று கையைக் காட்டினேன்.
பௌலோஸ் அணைத்தான், இறங்கினான்,
டயரை உதைத்துப் பார்த்தான், பீடி தேடினான்,
வைக்கோலைப் பார்த்துவிட்டுப் பீடியைத் திரும்ப வைத்தான்.
காற்றில் பாரம் ஆடியது. எண் நிற்கவில்லை.
கழுத்தில் இரண்டு விரல், சுவர்க் கடிகாரத்தில் கண்,
எண்ணிக்கொண்டே இருந்தேன்.
யாரைக் கூப்பிட?
மேடைமேல் ஒரு லாரி நிற்கிறதே.

பிரிண்டரில் ரிப்பன் தீர்ந்திருந்தது.
கையால் எழுதினேன், கிழித்தேன், கொடுத்தேன்.
ரசீதோடு அவன் படியிறங்கும்போதுதான் கவனித்தேன்,
உள்ளே அமைதி.
எப்போது நின்றது? பார்க்காமல் விட்டுவிட்டேன்.
நாற்பத்தொரு நாளில் முதல் தடவையாகப் பார்க்காமல்.

அவன் திரும்பி வந்தான்,
ரசீதை விசிறி மாதிரி ஆட்டிக்கொண்டு.
"நூற்றிமுப்பத்தெட்டு கிலோ வைக்கோலோ, சேச்சி?"

வாங்கிப் பார்த்தேன்.
என் கையெழுத்துதான். மொத்த எடை: 138.

அடித்தேன். மேலே 12,480 என்று எழுதி
சின்னக் கையெழுத்து ஒன்று போட்டுக் கொடுத்தேன்.
அடுத்த வண்டி ஹாரன் அடித்தது,
எஞ்சினை அணைக்காமல்.